பாதி விலைக்கு ஒரு சம்மதம்

கல்யாணப் பேச்சுக்கு இரண்டு வீட்டுக்கும் தோதான நாள் பார்ப்பார்கள். எங்களுக்கு ஓர் உணவகம் நாள் பார்த்துக் கொடுத்தது. செவ்வாய் முதல் வியாழன் வரை, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் சாப்பிட்டு முடித்தால் பாதி விலை. அதனால் புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு நானும் அவனும் எங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவது என்று முடிவாயிற்று.

நான் அரை நாள் லீவு போட்டேன். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலைச் சவாரி முடிந்துவிடும், ஆனால் மூன்றரைக்குப் பிள்ளைகளை ஏற்ற வாசலில் நிற்க வேண்டும். அம்மா ஒரு பெரிய சலவை நிலையத்தில் துணி மடிக்கிறவள். அவள் வேலையில் அரை நாள் என்பதே கிடையாது, ஒரு நாள் கூலி முழுசாகப் போயிற்று. பாதி விலைச் சாப்பாட்டுக்காக நாங்கள் கொடுத்த விலை, நாற்காலியில் உட்காரும் முன்பே ஏறிக்கொண்டிருந்தது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை. அப்பா அவனை முதல் நாளிலிருந்தே மாப்பிள்ளை என்றுதான் சொன்னார். நான் மனதுக்குள் ‘ஆஃபர்’ என்று பெயர் வைத்திருந்தேன். ஃபோனில் மூன்று முறை பேசியிருந்தோம். முதல் முறை, தான் எந்தச் சட்டையையும் முழு விலை கொடுத்து வாங்கியதில்லை என்று சொன்னான். இரண்டாவது முறை, அதே சட்டையைத் திருப்பிக் கொடுத்து வேறு சட்டை வாங்கிய கதை. மூன்றாவது முறைதான் என் வேலையைப் பற்றிக் கேட்டான்.

நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி பில்லையும் நொறுங்கிய காரின் படத்தையும் ஜனங்கள் அனுப்புவார்கள். விண்ணப்பத்தை எறும்பு எழுத்து வரைக்கும் படித்து, எந்த வரியில் அவர்கள் உண்மையை மறைத்தார்கள் என்று கண்டுபிடித்து, வருந்துகிறோம் என்று எழுதி அனுப்புவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா வேன் ஓட்டியும் அம்மா துணி மடித்தும் என்னைப் படிக்க வைத்ததன் பலன், எங்களைப் போன்றவர்களுக்குப் பணம் இல்லை என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருப்பதுதான்.

இதை அப்படியே அவனிடம் சொன்னேன். சிரித்தான். “அப்ப நீங்க என்னைவிட மோசமான ஆளா இருப்பீங்க போலிருக்கே” என்றான். எனக்கு அது பிடித்திருந்தது. இதற்கு முன் வந்த நான்கு பேரும் என் சம்பளத்தைக் கேட்டார்கள், வேலையைக் கேட்கவில்லை. அன்றே ஒரு முடிவு செய்தேன். நேரில் பார்க்கும்போது அவன் கேட்டால், சரி என்று சொல்லிவிடுவது. வீட்டில் மூச்சு விடவில்லை. அவன் முதலில் கேட்கட்டும் என்று இருந்தேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அப்பா எங்களைச் சாப்பிட உட்கார வைத்தார்.

“ஒரு மணிக்கு அங்க சாப்பாடு இருக்கேப்பா.”

“பசியோட போனா மூஞ்சியில தெரியும். அப்புறம் காணாததக் கண்ட மாதிரின்னு பேசுவாங்க. வயித்த நிரப்பிக்கிட்டுப் போய் அங்க சும்மா கொறிக்கணும். அதான் மரியாதை.”

அவரும் அம்மாவும் ஆளுக்கு ஒரு தட்டு சோறு சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. எனக்கு அந்த மரியாதை வேண்டாம், மீன் வேண்டும்.

வேனில்தான் போனோம். உணவகத்தின் வாசலில் இருந்த காவலாளி, மஞ்சள் வேனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி மறித்தார்.

“இங்க ஸ்கூல் இல்லைங்க.”

“தெரியும். சாப்பிட வந்திருக்கோம்” என்றார் அப்பா.

“பிள்ளைங்க எத்தன பேரு?”

“ஒண்ணுதான். இருபத்தெட்டு வயசு.”

காவலாளி என்னை எட்டிப் பார்த்துவிட்டு, குப்பைத் தொட்டிகள் இருக்கிற பின்பக்கத்துக்கு வழிகாட்டினார்.

உள்ளே, பெயர்ப் பட்டியல் வைத்திருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் அவனும் அவன் அம்மாவும் நின்றிருந்தார்கள். அவன் அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முப்பது வருஷம் ஒரு பள்ளியையே வரிசையில் நிறுத்திய குரல் அது, இன்னும் குறையவில்லை.

“வாங்க சம்பந்தி, வாங்க வாங்க!”

அந்த ஒரு வார்த்தையில் அப்பா வெண்ணெயாக உருகிப் போனார். அம்மா என் கையைக் கிள்ளினாள். எனக்குக் கொஞ்சம் வேகமாகத்தான் தெரிந்தது. இன்னும் நாற்காலி கூட இழுக்கவில்லை, அதற்குள் சம்பந்தியா?

உட்கார்ந்ததும், பரிமாறுகிறவர் மெனு அட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாருங்க, தண்ணி கேக்காதீங்க. கேட்டா பாட்டிலத் தொறந்து வச்சிருவான். அது ஆஃபர்ல வராது.”

பரிமாறுகிறவர் திரும்பி வந்தார்.

“சம்பந்தி, கூச்சப்படாம சாப்பிடணும், என்ன?”

அவர் போனார்.

“ரொட்டி மட்டும் எத்தன தடவ வேணா கேக்கலாங்க.”

இப்படியே நடந்தது. கறுப்புக் கோட்டு போட்ட பணியாளர் யாராவது மூன்றடி தூரத்தில் வந்தால் நாங்கள் சம்பந்தி. அந்தக் கோட்டு நகர்ந்தால் வெறும் ‘நீங்க’. நான் கவனித்தேன். கவனிப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் எனக்குப் பசி, அவன் வேறு இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் பார்க்கிற மாதிரி இருந்தான். புத்தி கொஞ்சம் வெளியே போயிருந்தது.

அம்மா மடியில் விரிக்க வேண்டிய துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூலையைப் பிரித்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த இடத்துக்குள் வந்த பிறகு அவளுக்குத் தெரிந்த முதல் முகம் அந்தத் துணிதான்.

“இது நம்ம துணிடி!”

“என்னம்மா?”

“எங்க எடத்துல துவைக்கிறது. மூலையில செகப்பு நூல் பாரு. வாரத்துக்கு நானூறு வரும். நான் மடிச்சதாக்கூட இருக்கும். ஆனா இந்த விசிறி மாதிரி மடிப்பு எங்களுது இல்ல, இங்க வந்து மடிக்கிறாங்க. சாஸ் கறையோட வரும் பாரு, ரெண்டு தடவ ஊறப் போட்டாத்தான்…”

“அத இங்க பேச வேணாமே” என்றார் தலைமையாசிரியை, சிரித்த முகத்தோடு. “யார் காதுலயாவது விழப்போகுது.”

“விழுந்தா என்ன?” என்றேன்.

“ஒண்ணும் இல்லம்மா. ஒரு இதுக்குத்தான்.”

அம்மா துணியை மடியில் போட்டுக்கொண்டு புன்னகை செய்தாள். அந்தப் புன்னகை எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர் திட்டும்போது முகத்தில் மாட்டிக்கொள்வதற்காக வைத்திருப்பது. இடம் மாறியதால் அது மாறவில்லை.

சூப் வந்தது. ஏழு கரண்டி இருந்தது. மீன் வந்தது. முறம் மாதிரி ஒரு தட்டு, அதன் நடுவில் தீப்பெட்டி அளவு மீன், அதைச் சுற்றி யாரோ பச்சை மையில் கிறுக்கியது போல ஏதோ. பரிமாறுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்த மீன் எந்த ஆழத்தில் நீந்தியது, எப்படிப்பட்ட தூண்டிலில் மாட்டியது, எத்தனை நிமிஷம் எந்தச் சூட்டில் இருந்தது என்று அதன் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னார். செத்தவர்களைப் பற்றிக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

“இவரு பேசுன நேரத்துல நான் நாலு மீன் பொரிச்சிருப்பேன்” என்று அம்மா என் காதில் சொன்னாள்.

“நல்லவேளை சாப்ட்டு வந்தோம்” என்றார் அப்பா. வேன் ஓட்டுகிறவருக்கு ரகசியக் குரல் கிடையாது. பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது.

ஆஃபர் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவன் ஃபோன் ரொட்டிக் கூடையில் சாய்ந்து நின்றிருந்தது, அதில் நேரம் பெரிதாகத் தெரிந்தது. “ஒரு ஆளுக்கு நாலு அயிட்டம். அஞ்சு பேருக்கு இருவது. சாயங்காலம் இதே மீனுக்கு ரெண்டு மடங்கு. அதே மீன், அதே தட்டு. நம்ம பின்னாடி உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்க முழு வெல குடுத்துச் சாப்பிடுறாங்க” என்று முட்டாள்களைக் காட்டுவது போலக் காட்டினான். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் இரண்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சந்தோஷமாக இருந்தார்கள்.

இறைச்சி முடிந்து இனிப்பு வருவதற்கு முன் ஓர் இடைவெளி. அப்பாவும் தலைமையாசிரியையும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். தொண்டையைச் செருமினான்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

“கேளுங்க.”

“அடையாள அட்டை கொண்டு வந்திருக்கீங்களா?”

“எதுக்கு?”

“சும்மா, ஆஃபருக்குக் கேப்பாங்க.”

எடுத்துக் கொடுத்தேன். எந்த விதிப்படி, யாரிடம் காட்ட என்று அதற்கு மேல் எதுவுமே கேட்கவில்லை. இப்படி ஒருத்தி என் மேஜைக்கு விண்ணப்பத்தோடு வந்திருந்தால், அவளுக்கு நன்றாக வேண்டும் என்று கோப்பை மூடியிருப்பேன்.

அவன் அதைப் பார்த்து ஃபோனில் ஏதோ நிரப்பினான், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கல்லாப் பக்கம் ஒரு நடை போய் வந்தான். ஐந்து நிமிஷத்தில் பாட்டு கேட்டது. சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நான்கு பேர் கைதட்டியபடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சூப்பர்வைசர் அம்மாள் ஒரு கேக்கை ஏந்தி வந்தார். அதில் என் பெயரும் அவன் பெயரும், நடுவில் ஓர் இதயமும், கீழே ‘நிச்சயதார்த்த வாழ்த்துகள்’ என்றும் க்ரீமில் எழுதியிருந்தது. முழு விலை கொடுத்தவர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள்.

அப்பாவும் தட்டினார். அதுதான் என்னால் இன்னும் தாங்க முடியாதது. அவர் கண் கலங்கியிருந்தது.

“எப்பம்மா சொன்ன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!”

நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் ஓர் அட்டையில் செருகிய தாளையும் பேனாவையும் என் முன் வைத்தார். “ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். அப்புறம் ஒரு போட்டோ. அவ்வளவுதான்.”

அவன் ஏற்கெனவே போட்டிருந்தான். அழகான கையெழுத்து.

நான் படித்தேன். ரேஷன் சீட்டைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் படிக்கிறவள் நான். ‘ஜோடி விருந்துச் சலுகை: நிச்சயமான ஜோடிக்கும் குடும்பத்தாருக்கும் மட்டும் பாதி விலை. கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் இருவரும் மனமொத்து, எங்கள் திருமணத்தை நிச்சயம் செய்துகொண்டுள்ளோம் என்று உறுதி கூறுகிறோம்.’ அதன் கீழே என் அடையாள எண். அதன் கீழே நிச்சயமான தேதி என்ற இடத்தில் போன ஞாயிற்றுக்கிழமை. போன ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டு மத்தியானம் வரை தூங்கினேன். அப்படி ஒரு காரியம் நடந்திருந்தால் யாராவது எழுப்பியிருப்பார்கள். இன்னும் கீழே, எறும்பு எழுத்தில்: தகவல் தவறானால் முழு விலை வசூலிக்கப்படும். படத்தை ஒரு வருஷத்துக்கு விளம்பரத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

“போன ஞாயித்துக்கிழம எனக்கு நிச்சயம் ஆச்சா?”

“அது சும்மா ஒரு தேதிங்க. ஏதாவது போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்” என்றான்.

“நான் எப்ப சரின்னு சொன்னேன்?”

“இன்னும் சொல்லல. ஆனா சொல்லத்தானே போறீங்க?”

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சொல்லத்தான் போனேன். அதை என் வாயால் சொல்ல விடாமல், எனக்கு முன்னால் போய், பாதி விலைக்கு விற்றுவிட்டு வந்திருந்தான்.

“கையெழுத்துதானேம்மா” என்றார் தலைமையாசிரியை. “படிச்ச பொண்ணு, இதுக்குப் போயி இவ்வளவு யோசிக்கிறியே.”

“படிக்காம இருந்தா போட்டிருப்பேங்க.”

“பாதி வெலன்னா சும்மாவா? நாம என்ன திருடவா செய்யிறோம்? இன்னிக்கில்லன்னா அடுத்த மாசம் ஆகப் போறதுதான. ஒரு நாலு நாள் முன்னாடி போட்டா என்ன கொறஞ்சிரும்?”

இதே வாக்கியத்தை எனக்கு வாரம் பத்துப் பேர் ஃபோனில் சொல்வார்கள். விபத்து நடந்த பிறகு பாலிசி எடுத்துவிட்டு, ஒரு நாலு நாள் முன்னாடி என்று போட்டுக்கொண்டால் என்ன மேடம் என்பார்கள். அவர்களாவது அழுதுகொண்டு கேட்பார்கள்.

அப்பாவின் கை, தட்டிய நிலையிலேயே நின்றுபோயிருந்தது. “அப்ப… நீ சரின்னு சொல்லலையா?”

“எங்கிட்ட யாரும் கேக்கலப்பா.”

சூப்பர்வைசர் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்கும் வேலை இருந்தது. “மேடம், மூணு மணிக்குள்ள பில் போட்டாகணும். அதுக்கப்புறம் சிஸ்டம் எடுத்துக்காது.”

அப்போது ஒன்று நடந்தது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஃபரின் முகம் மாறியது. என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது போலிருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னை நேராகப் பார்த்தான்.

“தப்புதான். ஒத்துக்கிறேன். மொதல்ல கேட்டிருக்கணும். இப்ப கேக்குறேன். உங்களுக்குச் சம்மதமா?”

கேட்டுவிட்டு, ரொட்டிக் கூடையில் இருந்த ஃபோனை ஒரு பார்வை பார்த்தான். இரண்டு ஐம்பத்திரண்டு.

அந்தக் கண் மட்டும் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

“இல்ல” என்றேன்.

“இல்லன்னா?” என்றார் தலைமையாசிரியை. “இப்பவா, எப்பவுமேவா? தாளுக்கு மட்டும் ஒரு கையெழுத்து போட்டுட்டு…”

“தாளுக்கும் இல்ல. எப்பவுமே இல்ல.”

கைதட்டியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டை யாரோ பாதியில் நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் தாளை எடுத்துக்கொண்டு, கேக்கின் பக்கம் கையை நீட்டித் தயங்கினார். “இது சலுகையோட வர்றது. எடுத்துட்டுப் போகட்டுமா?”

“வச்சிட்டுப் போம்மா” என்றாள் அம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

“முழு வெல குடுக்கப் போறோம்ல? அப்ப இதுவும் இருக்கட்டும்.”

அவளே கத்தியை எடுத்து, இதயத்தின் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டி, ஐந்து துண்டு போட்டாள். முதல் துண்டைத் தலைமையாசிரியையின் தட்டில் வைத்தாள். “சாப்பிடுங்க மேடம். துணியில மட்டும் சிந்திராதீங்க. க்ரீம் கற இருக்கே, சாஸ விட மோசம். நாளைக்கு எங்கிட்டத்தான் வரும்.”

பக்கத்து மேஜைக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

பில் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் கேக்குக்கும் என் வங்கி அட்டையைத் தேய்த்தேன். என் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அப்பா சட்டைப்பையைத் தொட்டார், நான் வேண்டாம் என்று தலையசைத்தேன், கையை எடுத்துக்கொண்டார். ஆஃபர் குனிந்து ஃபோனைத் துழாவிக்கொண்டிருந்தான். முதல்முறை வருகிறவர்களுக்குப் பத்து சதவீதம் என்று ஏதோ ஒரு கூப்பன் அகப்பட்டது. அதை அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் போட்டுக்கொண்டான்.

வேனில் ஏறினோம். அப்பா பள்ளிக்கூடச் சாலையில் வேனைத் திருப்பினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அங்க ஒரு கையெழுத்தப் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து வேணாம்னு சொல்லியிருக்கலாம். பாதியாவது மிஞ்சியிருக்கும்.”

“பொய்க் கையெழுத்து போட்டவங்களுக்குத்தாம்பா நான் தெனமும் காசு இல்லன்னு எழுதுறேன்.”

“அது ஆபீசு.”

“இது?”

“இது அஞ்சாவது எடம்.”

பள்ளிக்கூட மணி அடித்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏறினார்கள். நானும் அம்மாவும் முழங்கால் முகவாயில் இடிக்கிற குட்டி இருக்கைகளில் ஒடுங்கி உட்கார்ந்தோம். அப்பா ஹாரனை வழக்கத்தை விட அதிகமாக அடித்தார்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. “அவகிட்ட சொல்லு, கொடைய எடுத்துட்டுப் போவச் சொல்லு” என்று அம்மா வழியாகவே சொன்னார். நான் எதிரே நின்றிருப்பேன். அம்மாவும் சளைக்காமல், “கொட எடுத்துட்டுப் போவியாம்” என்று திருப்பிச் சொல்வாள்.

சனிக்கிழமை காலை அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்றிருந்தேன். ஃபோனில் செய்தி வந்தது. ஆஃபர்தான். ‘அன்று நான் கேட்ட விதம் சரியில்லை. நிறைய யோசித்தேன். நல்ல செய்தி, அந்தச் சலுகையை மாதக் கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். அவசரமே இல்லை. நிதானமாக யோசித்து முடிவு சொல்லுங்கள்.’

நான் ஃபோனை அப்பாவிடம் நீட்டினேன். அவர் ஈரக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, ஃபோனைக் கை நீளத்துக்குப் பிடித்து, உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பாதியில் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

“அவசரமில்லன்னு மரியாதையாத்தான் போட்டிருக்காரு.” அம்மாவைக் கூப்பிடாமல், என்னிடமே சொன்னார். மறுபடியும் மேலே போய்ப் படித்தார். “எத நீட்டிச்சிருக்காங்களாம்?”

“பாதி வெலய.”

சோப்பு நுரை வேனின் கண்ணாடியில் வழிந்து காய ஆரம்பித்திருந்தது.

“பதில் போட்டியா?”

“இல்ல.”

“போடாத.” ஃபோனை என் கையில் வைத்தார். “வாளிய எடு. நொர காயுது.”